நேரம் இல்லாத வீட்டில மொழி எங்க இருக்கும்?

(ஸ்காபரோவில் நடந்த எங்கட மாதாந்தக் கூட்டத்தில் பேசியது. வர முடியாமல் போன தோழர்கள் கேட்டபடியால் எழுத்தில் தருகிறேன். பேச்சுத்தமிழைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



எனக்குத் தந்த தலைப்பு "உலகமயமாக்கலும் பண்பாட்டுப் பன்மையும் எங்கள் அடையாளமும்". இந்தத் தலைப்பில ஆர் பேசினாலும் வழமையா ரெண்டு பேச்சில ஒண்டுதான் வரும். ஒண்டு ஒப்பாரி: ஆங்கிலம் வந்திட்டுது, பிள்ளையள் பீட்சா சாப்பிடுதுகள், தமிழ் அழியுது. மற்றது கொண்டாட்டம்: உலகமே ஒரு கிராமம், எங்களுக்கு ரெண்டு அடையாளம், ரெண்டும் வடிவு. இஞ்ச இருக்கிற எல்லாரும் இந்த ரெண்டையும் பொங்கல் விழாவிலயும் பள்ளிக்கூடத்திலயும் கேட்டு வளர்ந்தனாங்கள்தான்.

நான் சொல்ல வாறது வேற. ஒரு மொழி, ஒரு பண்பாடு உயிரோட இருக்க முதல்ல வேணும் எண்டால் அது நேரம். ஆக்கள் ஒண்டா இருந்து கதைக்கிற நேரம். அந்த நேரம் ஆரிட்ட இருக்கு, ஆர் அதை எங்களிட்ட இருந்து எடுத்தது எண்டு கேட்டால்தான் உலகமயமாக்கல் எண்ட சொல்லுக்கு ஸ்காபரோவில ஒரு அர்த்தம் வரும். "நான் தமிழோ, கனேடியனோ?" எண்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டு கேட்டால் வராது.

முதல்ல கலப்பு பற்றின பயத்தைத் தள்ளி வைப்பம். என்ர அம்மம்மா "கதிரையில இரு" எண்டுதான் சொல்லுவா. சென்னையில அது நாற்காலி. கதிரை போர்த்துக்கீசச் சொல். யன்னல், அலுமாரி, சப்பாத்து, குசினி, பாண், எல்லாம் அந்த வழியால வந்தது. கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போனது. 1619இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1790களில் ஆங்கிலேயர். ஆரும் அன்பளிப்பா ஒண்டும் தரேல்ல. துவக்கோடயும் வரியோடயும்தான் வந்தவை. ஆனா அந்தச் சொல்லுகளை எடுத்து, எங்கட நாக்குக்கு ஏத்த மாதிரி வளைச்சு, குசினிக்குள்ள வைச்சுப் புழங்கின சனம் இருந்தது. வெளிச்சொல் உள்ள வாறதால ஒரு மொழி சாகாது. அதை வைச்சுக் கதைக்க ஆளும் நேரமும் இல்லாமல் போனால்தான் சாகும். அதால "சுத்தத் தமிழ்" எண்டு பிள்ளையளின்ர வாயைத் திருத்துற அரசியலோட எனக்கு உடன்பாடு இல்லை. பிழையாத் தமிழ் கதைக்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிச்சால், அது அடுத்த முறை ஆங்கிலத்தில பதில் சொல்லும். அவ்வளவுதான்.

இப்ப எங்கட கதைக்கு வருவம். எங்கட வீடுகளில வரலாறு 1983 ஜூலையில தொடங்கும். "கலவரத்தோட வெளிக்கிட்டனாங்கள்" எண்டுதான் கதை. அதுக்கு ஆறு வருசம் முந்தி இன்னொரு திகதி இருக்கு. 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்து இலங்கையில் திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முந்திய சிறிமாவோ அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தது. பல குடும்பங்களுக்கு அது பாணுக்கு வரிசையில் நின்ற காலம். ஆனால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் போட்ட விவசாயிகளுக்கு அது நல்ல விலை கிடைத்த காலம். 1977க்குப் பிறகு வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் உள்ளே வர, அந்தத் தோட்டக்காரர்கள் அடிபட்டுப் போனார்கள். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. கிராமங்களில் இருந்து வந்த இளம் பெண்கள், பெரும்பாலும் சிங்களப் பெண்கள், உலகச் சந்தைக்கு உடுப்புத் தைக்கத் தொடங்கினார்கள்.

அதே வருடங்களில் தமிழருக்கு நாடு மூடிக்கொண்டு வந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம். 1981இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு. 1983இல் ஜூலை. திறந்த பொருளாதாரம்தான் இனவாதத்தை உண்டாக்கினது எண்டு நான் சொல்லேல்ல. தனிச்சிங்களச் சட்டம் 1956இலேயே வந்திட்டுது. நான் சொல்லுறது, ஒரு நாடு பொருளுக்கும் முதலீட்டுக்கும் கதவைத் திறந்துகொண்டே தன்ர சனத்துக்குக் கதவைச் சாத்தலாம். ரெண்டையும் ஒரே கை செய்யும்.

கனடாவுக்கு வந்து பார்த்தாலும் அதுதான். 1985 ஏப்ரல் 4இல் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அகதியாக வந்தவருக்கு நேரில் நின்று தன் கதையைச் சொல்ல உரிமை உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. வழக்குப் போட்டவர்கள் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட சாதாரண ஆட்கள். எங்கட அம்மா அப்பாக்களின்ர விசாரணை மேசைக்கு அவைதான் கதிரை போட்டுத் தந்தவை. 1986 ஓகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்தபோது அவர்களைத் தூக்கி ஏற்றினவர்கள் மீனவர்கள். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது அவர்களைப் பிடித்துத் தடுப்பில் வைத்தது அரசு. பலருக்கு அந்தத் தடுப்பு மாதக்கணக்கில் நீண்டது. சன் சீ ஒரு சரக்குக் கப்பல். அதுக்குள்ள உடுப்புப் பெட்டி இருந்திருந்தால் இறக்கிக் கடைக்கு அனுப்பியிருப்பினம். மனிசர் இருந்தபடியால் சிறை. உலகமயமாக்கலுக்கு வரைவிலக்கணம் கேட்டால் நான் அந்தக் கப்பலைத்தான் காட்டுவன்.

சரி, வந்தாச்சு. வந்த இடம் என்ன? ஸ்காபரோவின் எக்ளின்டன் வீதியில் கோல்டன் மைல் என்று ஒரு பகுதி இருப்பது உங்களுக்குத் தெரியும். 1950களில் அது தொழிற்சாலைகளின் வீதி. ஜெனரல் மோட்டர்ஸின் வான் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. தொழிற்சங்கம், ஓய்வூதியம், ஒரு சம்பளத்தில் வீடு வாங்கிற வாழ்க்கை. அந்தத் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. உற்பத்தி மலிவான இடங்களுக்குப் போன காலம் அது. எங்கட சனம் ஸ்காபரோவுக்குத் திரண்டு வந்த காலமும் அதுதான். நல்ல வேலைகள் வெளிக்கிட, நாங்கள் உள்ள வந்தம். எங்களுக்குக் கிடைச்சது கோப்பை கழுவுறது, இரவு துப்புரவு வேலை, பொதி கட்டுறது, ஏஜென்சி வேலை. ஏஜென்சி வேலை எண்டால் நாளைக்கு வேலை இருக்கோ எண்டு இண்டைக்கு இரவு ஃபோன் அடிச்சால்தான் தெரியும்.

என்ர அம்மா பின்னேர ஷிஃப்ட். நான் பள்ளிக்கூடத்தால வீட்ட வர மூண்டரை. அவ மூண்டுக்கே வெளிக்கிட்டிடுவா. திரும்பி வர நடுச்சாமம் தாண்டும். கிழமை நாளில எங்களுக்கு இடையில இருந்த தமிழ் குளிர்சாதனப் பெட்டியில ஒட்டின துண்டுதான். "சோறு இருக்கு. சூடாக்கிச் சாப்பிடு. தங்கச்சிக்கும் குடு." எங்களில கனபேருக்கு நல்லா வாற தமிழ் எது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சாப்பிடு, குளி, படி, படு, கெதியா வா. எல்லாம் ஏவல் வினை. இலக்கணத்தில எங்களுக்கு வேற எதுவும் வராது எண்டில்லை. ஷிஃப்டுக்குப் போற ஒரு ஆளுக்கு, ஷிஃப்டால வந்து விழுற ஒரு ஆளுக்கு, அவ்வளவுதான் சொல்ல நேரம் இருந்தது. வாக்குவாதப்பட, பகிடி விட, ஒரு செத்தவீட்டைப் பற்றி ஆறுதலாக் கதைக்க, ஒரு கோபத்தை விளங்கப்படுத்த வேற தமிழ் வேணும். அது துண்டில வராது. ஒரு பின்னேரம் முழுக்க வேணும்.

ஆனா மேடையில என்ன சொல்லுவினம்? பெற்றோருக்கு அக்கறை இல்லை, பிள்ளையளுக்கு வெட்கம். அக்கறையில்லாத ஆக்களோ சனிக்கிழமை காலமை, கிடைக்கிற ஒரே லீவில, பஸ் மாறி மாறிப் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவை?

இப்ப ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லுறன். 2017இல், பதினைந்து டொலர் குறைந்தபட்சச் சம்பளம் கேட்டுத் தொழிலாளர் வருடக்கணக்காகப் போராடின பிறகு, ஒன்ராறியோ சட்டசபை சட்டமூலம் 148ஐ நிறைவேற்றியது. சம்பளம் மட்டும் இல்லை. சம்பளத்தோட இரண்டு நாள் அவசர விடுப்பு. ஏஜென்சி ஆளுக்கும் பக்கத்தில் நின்று அதே வேலை செய்கிற நிரந்தர ஆளுக்கும் ஒரே சம்பளம். முக்கியமாக, 2019 ஜனவரியில் இருந்து, 96 மணி நேரத்துக்குக் குறைந்த அவகாசத்தில் வேலைக்குக் கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்ல உரிமை. கடைசி 48 மணி நேரத்துக்குள் ஷிஃப்டை ரத்துச் செய்தால் மூன்று மணி நேரச் சம்பளம்.

2019 ஜனவரி வர முந்தியே, 2018 நவம்பரில், புதிய அரசு சட்டமூலம் 47ஐக் கொண்டுவந்து இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. பதினைந்து டொலரும் நின்றது. அந்தச் சட்டத்தின் பெயர் என்ன தெரியுமோ? "ஒன்ராறியோவை வியாபாரத்துக்குத் திறந்து வைக்கும் சட்டம்". எனக்கு 1977 ஞாபகம் வந்தது. அங்க திறந்த பொருளாதாரம், இஞ்ச திறந்த ஒன்ராறியோ. ரெண்டு இடத்திலயும் திறந்தது ஆருக்கு எண்டு பாருங்கோ.

அந்த 96 மணி நேரத்தை ஒருத்தரும் தமிழ்மொழிப் பாதுகாப்பு எண்டு சொல்லேல்ல. நான் சொல்லுறன். வாற கிழமை எந்தப் பின்னேரம் வீட்டில நிப்பன் எண்டு ஒரு அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிஞ்சால், அந்த வீட்டில ஒரு மொழி இருக்க இடம் வரும். எங்கட மொழி மட்டும் இல்லை. மல்வேர்னில, மோர்ணிங்சைட்டில பக்கத்து வீட்டில இருக்கிற தகாலோக்குக்கும் உருதுவுக்கும் சோமாலிக்கும் அதே இடம் வரும். பன்மைப் பண்பாடு எண்டு சொல்லுறதின்ர பொருள் எனக்கு அதுதான்.

அரசு சொல்லுற பன்மைப் பண்பாடு வேற. 1971இல் கனடா அதைக் கொள்கையாக அறிவித்தது. 1988இல் சட்டமாக்கியது. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஒன்ராறியோ 2014இலும், கனடிய நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றன. இவை சும்மா வந்தவை இல்லை, எங்கட சனம் கேட்டு வாங்கினவை. நான் கொச்சைப்படுத்தேல்ல. ஆனா ஜனவரியில வேட்டி கட்டிப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுக்கிற அரசியல்வாதியிட்ட, "அண்ணை, சட்டமூலம் 47க்கு நீங்கள் எப்பிடி வாக்குப் போட்டனீங்கள்?" எண்டு எத்தனை பேர் கேட்டனாங்கள்? பொங்கல் உழைக்கிற சனத்தின்ர விழா. உழைப்பை வெளியில நிறுத்திப்போட்டுப் பானையை மட்டும் மேடையில ஏத்தி வைச்சிருக்கிறம்.

இந்த நாட்டின் வரலாறும் இதைத்தான் சொல்லுது. நாங்கள் கூடியிருக்கிற இந்த நிலம் முதற்குடிகளின் நிலம். நூறு வருடத்துக்கும் மேலாக இந்த அரசு அவர்களின் பிள்ளைகளை வதிவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்தது. கடைசிப் பள்ளி மூடினது 1990களில். 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று எழுதியது. எங்கட இழப்பை அதோட சமப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனா ஒண்டு விளங்குது. ஒரு பிள்ளையிட்ட இருந்து மொழியைப் பிரிக்க, அந்தப் பிள்ளையை அதின்ர ஆக்களிட்ட இருந்து பிரிச்சால் காணும். அங்க அதைச் சட்டமும் பொலிசும் செய்தது. அப்படிச் செய்த ஒரு அரசு "பன்மை" எண்டு எங்களுக்குச் சான்றிதழ் தரும்போது, கொஞ்சம் யோசிச்சு வாங்குவம்.

அடுத்தது திரை. 2020இல் ரெண்டு விசயம் நடந்தது. மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை மைத்ரேயி ராமகிருஷ்ணன் 15,000 பேருக்குள் தெரிவாகி நெட்ஃபிளிக்ஸ் தொடரில் நடித்தார். எங்கட வீட்டில எல்லாரும் சேர்ந்து பார்த்தம், சந்தோசப்பட்டம். அவருக்குக் கொடுத்த பாத்திரம் இந்திய அமெரிக்கத் தமிழ்ப் பிள்ளை. அகதிக் கதை உள்ள ஒருவர் திரையில் வர, அகதிக் கதை இல்லாத பாத்திரம் தேவைப்பட்டது. அதே வருடம் தீபா மேத்தா எடுத்த ஃபன்னி போய் படம் வந்தது. ஷியாம் செல்வதுரையின் நாவல், 1983இன் கதை, ஒரு தன்பாலீர்ப்புப் பொடியனின் கதை. எங்கட சமூகத்துக்குக் கட்டாயம் தேவையான கதை. ஆனால் முன்னோட்டத்தில் கேட்ட தமிழ் எங்கட தமிழாகவே இல்லை. ஈழத்தமிழ் இளையோர், அதிலும் குயர் தமிழர்கள், வெளிப்படையாக எதிர்த்தார்கள். பிறகு வசனங்கள் மீள ஒலிப்பதிவு செய்யப்பட்டன. உலகச் சந்தைக்கு "தமிழ்" எண்ட முத்திரை காணும். ஆற்ற தமிழ், எந்த ஊர்த் தமிழ் எண்டது அதுக்குத் தேவையில்லை.

இதை நெட்ஃபிளிக்ஸோட மட்டும் நிறுத்தக் கூடாது. எங்கட தம்பி தங்கச்சிமார் இப்ப "விளங்குது" எண்டு சொல்லாமல் "புரியுது" எண்டுதான் சொல்லினம். கோடம்பாக்கமும் தொலைக்காட்சித் தொடரும் கொண்டுவந்த தமிழ். தமிழ்நாட்டுச் சனத்தோட எனக்கு ஒரு கோபமும் இல்லை. சந்தை பெரிசா இருக்கிற தமிழ், சந்தை சின்னனா இருக்கிற தமிழை விழுங்குது எண்டு மட்டும் சொல்லுறன்.

அதே வேலையை நாங்களும் செய்யிறம். ஸ்காபரோவில "ஈழத்தமிழ்" எண்டால் யாழ்ப்பாணத் தமிழ், அதிலயும் ஆதிக்கசாதி வீட்டுத் தமிழ். மட்டக்களப்புப் பிள்ளை கதைச்சால் பகிடி. மலையகம் எண்டால் "அவையள் வேற" எண்டு ஒரு பார்வை. உலகமயமாக்கலைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியவர்களே மலையகத் தமிழர்தான். ஐரோப்பாவின் கோப்பிக்கும் தேயிலைக்கும் கப்பலிலும் கால்நடையாகவும் கொண்டுவரப்பட்டவர்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள். 2023இல் அவர்கள் தங்கட 200 வருட வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வாயில் இருந்ததும் தமிழ்தான். பன்மை வேணும் எண்டு கனடாவிட்ட கேக்கிற நாங்கள், எங்களுக்குள்ள அதுக்கு என்ன செய்தம்?

அதைக் கேட்டவை எங்களுக்கு முந்தியே இந்த நகரத்தில இருந்தவை. 1989இல் ரொறன்ரோவில் தேடகம் தொடங்கினது. வேலையால் வந்த ஆட்கள் புத்தகம் வாசிக்க, விவாதிக்க, கருத்து மாறுபட ஒரு இடம். 1994இல் அதின் நூலகம் எரிக்கப்பட்டது. யாழ்ப்பாண நூலகத்தை நினைச்சு அழுத எங்கட நகரத்தில ஒரு தமிழ் நூலகம் எரிஞ்சது. இதை எங்கட தலைமுறைக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. ஆனா தேடகம் அதோட நிக்கேல்ல. இண்டைக்கு நாங்கள் இந்த மண்டபத்தில இருக்கிறதும் அந்தப் பழக்கத்தின்ர தொடர்ச்சிதான்.

கடைசியா, செய்யக்கூடிய மூண்டு விசயம்.

ஒண்டு. ஒன்ராறியோவில் 23 மாணவர்களின் பெற்றோர் எழுத்தில் கேட்டால், கல்விச்சபை அந்த மொழிக்கு ஆரம்பநிலை வகுப்பு ஒன்றைத் தொடங்க வேணும். 1977இல் தொடங்கின திட்டத்தின் தொடர்ச்சி இது. சனிக்கிழமை காலமை தூரத்தில இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு வர முடியாத குடும்பங்கள் எந்தக் கட்டடங்களில இருக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியும். 2023 ஜூலையில் தடம்புரண்டு நின்று போன ஸ்காபரோ ரயிலுக்குப் பிறகு பயணம் இன்னும் நீண்டிருக்கு. கதவு கதவாத் தட்டி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு 23 கையெழுத்து எடுப்பம்.

ரெண்டு. 96 மணி நேர உரிமையைத் திரும்பக் கேக்கிற தொழிலாளர் போராட்டத்தில நாங்கள் தமிழ் அமைப்பா, தமிழ்ப் பதாகையோட நிப்பம். தமிழ்ப் பள்ளிக்கூடங்களிட்டயும் கோயில்களிட்டயும் போய், இது உங்கட பிரச்சினையும்தான் எண்டு சொல்லுவம்.

மூண்டு. எங்கட வீட்டுப் பெரியாக்களின்ர வேலைக் கதையை ஒலிப்பதிவு செய்வம். ஊர்க்கதை மட்டும் காணாது. "1991இல எங்க வேலை செய்தனீங்கள்? என்ன சம்பளம்? ஆர் ஏசினது? ஆர் உதவினது?" அவையின்ர ஊர்ப் பேச்சில, மட்டக்களப்பு, மன்னார், மலையகம், எது எண்டாலும் அப்பிடியே. 2005இல் இருந்து நூலகம் எண்ட இணைய ஆவணகம் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வருது. ஸ்காபரோவின் உழைப்பும் அந்த மாதிரி ஒரு இடத்தில இருக்க வேணும். அந்தப் பதிவுக்கு இருக்கிற ரெண்டு மணித்தியாலத்தில, துண்டில எழுதாத தமிழ் எல்லாம் வெளியில வரும்.

பதிவுக் கருவி மூண்டு எங்களிட்ட இருக்கு. கையெழுத்துப் படிவம் வாசலில இருக்கு, போகேக்க எடுத்துக்கொண்டு போங்கோ. இப்ப கேள்வி. தமிழில கேட்டாலும் சரி, ஆங்கிலத்தில கேட்டாலும் சரி, ரெண்டையும் கலந்து கேட்டாலும் சரி. மண்டபம் ஒன்பதுக்குப் பூட்டவேணும். நாளைக்குக் காலமை ஷிஃப்ட் இருக்கிறவை முதல்ல கேளுங்கோ.